விடை அடுத்த இதழில்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே உன்னோடு இருக்கும் அம்மாவின் நலம் நேற்று போனில் அவள் போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பேத்தி குப்புற விழ ஆரம்பித்துவிட்டாளாம், "இப்படியே போனா அவளே நடந்து வந்து உங்களைக் கூட்டிட்டுப் போவா" என்கிறாள். சிரித்து மழுப்பினேன், போனை வைத்த பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. எப்போது வருவீர்கள் என்று நீ கேட்டதற்கு எழுத்தில்தான் பதில் சொல்ல முடியும், பேச்சில் சொன்னால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள்.

நம் வார இதழை ஏற்றிப்போக ஒரு காலத்தில் லாரி வரும், இப்போது மொத்தக் கட்டும் ஒரு காரின் பின்பக்கத்தில் அடங்கிவிடுகிறது. முதலாளியின் மகன், அதான் நம் சின்னவர், இனி எல்லாவற்றையும் இணையத்தில் போட்டால் போதும் என்கிறார். தப்பில்லை. பக்கம் வடிவமைக்கும் ஸ்கேலுக்கும் (கணினி வந்த பிறகும் கையில் ஸ்கேலோடு திரிகிறவன்தான்) பிழை திருத்தும் அம்மாளுக்கும் அங்கே வேலை உண்டு. எனக்கு இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா, "கடைசி இதழ் எதுன்னு நீங்களே சொல்லுங்க சார், என் வாயால சொல்ல மாட்டேன்." மரியாதை செய்வதாக நினைப்பு. போய் வாருங்கள் என்றிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன்.

எந்த இதழைக் கடைசி என்பது? குறுக்கெழுத்துக்கு விடை அடுத்த வாரம் என்பது நான் ஆசிரியரான நாளிலிருந்து வழக்கம். எங்கே நிறுத்தினாலும் ஒரு கட்டம் விடையில்லாமல் நிற்கும். தபாலில் விடை அனுப்புகிறவர்கள் இணையத்தில் தேட மாட்டார்கள், வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யோசித்து யோசித்து, இந்த வாரம் கட்டத்தையும் அதன் விடையையும் ஒரே இதழில் கொடுத்துவிட்டேன். அச்சாகி வந்ததும் இதுதான் கடைசி என்று சின்னவரிடம் சொல்லிவிட்டு நழுவுவதாகத் திட்டம். ஸ்கேலிடம் சொல்லவில்லை, சொன்னால் அழுது தொலைப்பான்.

இதழ் வந்தது. புரட்டினால் கட்டம் இருக்கிறது, விடையைக் காணோம். "அவசரத்துல ரெண்டையும் ஒண்ணா குடுத்துட்டீங்க சார், நான்தான் பார்த்து விடையை அடுத்த வாரத்துக்கு மாத்தினேன்" என்று ஸ்கேல் பெருமையாக நிற்கிறான். அவனை எப்படித் திட்ட? நல்ல வேளை பார்த்தாய் என்றேன். அடுத்த வாரக் கட்டம் எங்கே என்றான், நாளைக்குத் தருகிறேன் என்று என் வாயே சொல்லிவிட்டது. நான் இந்த இதழைப் பிடித்துக்கொண்டிருக்கிறேனா, அது என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, தெரியவில்லை.

எனக்கு எடுத்த டிக்கெட்டைத் தள்ளிப் போடு, ரத்து மட்டும் செய்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு. மூவரும் நிறைவாக வாழ என் ஆசிகள். ஒன்றை மறக்காதே, குட்டி தவழ ஆரம்பித்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், அம்மாவையும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லிவை. நான் வந்து நிற்கும் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தவழ்ந்தாள் என்று சொல்லிவிடுங்கள். நம்பிவிடுகிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா