படத்தில் இல்லாத பிள்ளை

அன்புப் பேத்திக்கு ஸலாம்.

நான் நன்றாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், ருசிதான் தெரியவில்லை. பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போடுவார்களே, அந்த மாதிரி இருக்கிறது. வலியும் இல்லை, வேறெதுவும் இல்லை.

என் மகனை, உன் வாப்பாவை அடக்கம் செய்த அன்று ஃபோனில் கேட்டாயே, நீ அனுப்பிய படத்தை அவர் கிழித்துப் போட்டுவிட்டாரா என்று. அப்போது ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். கிழிக்கவில்லை. அவன் எழுத வேண்டிய பதிலை நான் எழுதுகிறேன். அஞ்சாவதுதான் படித்தேன், ஆனாலும் என் எழுத்து உன் எழுத்தைவிட நேராக நிற்கும்.

படம் வந்த அன்று கோபம்தான். ஓவியம் படிக்க நீ கிளம்பியபோதே பேச்சை நிறுத்தியவன் ஆயிற்றே. பள்ளிவாசலில் தொழுகிறவர்களை எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் வரைந்தானாம், மியூசியத்தில் அதற்கு இவள் விளக்கம் எழுதுவாளாம், படம் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்கிறாளாம் என்று முணுமுணுத்தான்.

ஆனால் பட்டறைக்கு எடுத்துப்போய், ஸ்பானர் மாட்டும் பலகையில் ஒட்டிவிட்டான். நான் சாப்பாடு கொண்டுபோனால், பிரிட்ஜைப் பிரித்துப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். தூணில் விழும் வெயில் அழகாம், கம்பளமும் அழகாம். ஆனால் ஒருத்தன்கூட இருமவில்லையாம், சொறியவில்லையாம், எல்லாரும் போட்டோவுக்கு நிற்கும் மாப்பிள்ளை மாதிரி விறைப்பாம்.

ஒருநாள், நெற்றியைத் தரையில் வைத்திருக்கும் ஆளை ஸ்க்ரூ டிரைவரால் காட்டினான்.

"இவன் சட்டுனு எழுந்திரிச்சிடுவான் உம்மா. முதுகுல புள்ள இல்லியே."

உனக்கு நினைவிருக்காது. தொழுகையில் அவன் ஸஜ்தாவுக்கு நெற்றியைத் தரையில் வைத்ததும் நீ முதுகில் ஏறிக்கொள்வாய். வரிசையே எழுந்தாலும் இவன் மட்டும் தரையோடு கிடப்பான். யாராவது கேலி செய்தால், புள்ள எறங்க வேண்டாமா என்பான்.

இதையே அவளுக்கு எழுதேன்டா என்றேன். கையில் கிரீஸ் இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன் என்றான். அவ்வளவுதான்.

பள்ளிவாசல் வரிசையில் அவன் நின்ற இடத்தில் இப்போது எதிர்வீட்டுக்காரர் நிற்கிறார். இடைவெளி விடக்கூடாது, அதுதான் முறை. யாரையும் குறை சொல்வதற்கில்லை.

நீ எழுதும் விளக்கத்தில் படித்த வார்த்தைகள் நிறைய இருக்கட்டும். அச்சில் உன் பேரைப் பார்த்தால் தெருவுக்கே காட்டுவேன். இந்தப் படத்தில் குழந்தை இல்லை என்று ஒரு வரியும் சேர்த்துவிடு.

அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைத்திருப்பான். பட்டறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. படத்தை நான் எடுக்கவில்லை. நீ வந்து எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வாப்பாவைப் பெற்றவள்