காதுக்கருவி வகுப்பில் நடந்ததும் மேடையில் நான் சொன்னதும்

அனுப்புநர்:
திருமதி யூனிஸ் ஜெயகரன்,
(கணவர்: திரு. த. ஜெயகரன், எந்திரப் பிரிவு)
ஊழியர் குடியிருப்பு, மௌலா அலி,
ஹைதராபாத்.

பெறுநர்:
உயர்திரு துணைப் பொது மேலாளர் அவர்கள் (பணியாளர் நலம்),
தக்காண வால்வுத் தொழிற்சாலை,
ஹைதராபாத்.

பொருள்: குடியிருப்புப் பள்ளியில் காது கேளாத பிள்ளைகளுக்கான கருவி பழுதாகிக் கிடப்பது – ஓடாத கருவியை ஓடுவதாக விருந்தினருக்குக் காட்டியது – என் மகள் ஹில்டாவை வீட்டில் நிறுத்தியது – தக்க நடவடிக்கை வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் திருச்சிப் பக்கத்தவர் என்று அறிந்து தமிழில் எழுதத் துணிந்தேன். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தர எங்கள் குடியிருப்பிலேயே ஆள் உண்டு. ஆனால் இதில் உள்ளதை இன்னொருவர் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல எனக்கு முகமில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. எங்கள் ஒரே மகள் ஹில்டாவுக்கு வயது ஒன்பது. கைக்குழந்தையில் வந்த காய்ச்சலில் கேட்கும் சக்தி போய்விட்டது. முழுவதும் போகவில்லை, ஒலியைப் பெருக்கிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னார். சட்டைப் பையில் வைக்கும் காதுக்கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். வீட்டில் அது ஓரளவு உதவியது. வகுப்பில் மின்விசிறி, பெஞ்சு, பக்கத்துப் பிள்ளைகளின் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கியதால், டீச்சரின் குரல் அதில் மூழ்கிப்போயிற்று. இரண்டு வகுப்புகளில் அவள் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

2. ஊனமுற்றோர் ஆண்டை முன்னிட்டு இந்த ஜூன் மாதம் தொழிற்சாலை நலநிதியிலிருந்து பள்ளிக்கு ஒரு கருவி வாங்கித் தரப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். டீச்சர் கையில் ஒரு மைக், மேஜைமேல் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஹெட்போன். டீச்சரின் குரல் மட்டும் நேராகப் பிள்ளையின் காதுக்குப் போகும். இதற்கென்றே பயிற்சி பெற்ற கல்பகம் டீச்சரை நியமித்தீர்கள். அதற்கு நாங்கள் நன்றி சொல்லக்கூட இல்லை. அந்த நன்றியை இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

3. மழைக்காலம் முடிவதற்குள் ஹில்டா சோப்பு, சீப்பு என்று முதல் எழுத்தை விடாமல் சொல்லத் தொடங்கினாள். அதுவரை அவளுக்கு அவை "ஓப்பு", "ஈப்பு" என்றுதான் இருந்தன. ஒரு நாள் சாப்பிட வரச் சொல்லி அவளைக் கூப்பிட்டேன். அவள் என்னை நிறுத்தி, "அம்மா, நீ கைக்கு கத்துறே? மிஸ் கத்த மாட்டாங்க" என்றாள். "கைக்கு" என்றால் இந்த ஊர்ப் பேச்சில் "ஏன்". அவளுக்குக் காய்ச்சல் வந்துபோன நாளிலிருந்து என் குரல் தெருமுனை வரை கேட்டுக்கொண்டிருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று நானும் அவள் அப்பாவும் ரொம்பவும் சிரித்தோம். எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது.

4. தசராவுக்குக் குடியிருப்பில் நடந்த கலைநிகழ்ச்சிக்கு மைக்செட் போதவில்லை என்று இந்தப் பெட்டியை எடுத்துப்போய்ப் பெரிய குழாய் ஸ்பீக்கரில் இணைத்தார்கள். அது புகைந்து போயிற்று. எடுத்துப்போனது யார் என்று நான் பெயர் சொல்ல வரவில்லை. அவர்களும் தெரிந்து செய்ததல்ல. ஆனால் பெட்டியைப் பழுதுபார்க்க யாரும் முன்வரவில்லை. கருவி இல்லாத வகுப்புக்குத் தனி டீச்சர் எதற்கு என்று கல்பகம் டீச்சரை நாலாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். ஹில்டா பழையபடி கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

5. நவம்பர் கடைசியில் டில்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பள்ளிக்கு வருகிறார், கேளாத பிள்ளைகளின் வகுப்பைப் பார்க்க விரும்புகிறார் என்று சொல்லி எங்களை வரவழைத்தார்கள். கருவி ஓடாது என்று கல்பகம் டீச்சர் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அதனால் அவரை வாசலில் விருந்தினரை வரவேற்க நிறுத்திவிட்டு, வேறொரு டீச்சரை மேடையில் உட்காரவைத்தார்கள். டீச்சர் கைக்குட்டையை எடுத்தால் பிள்ளைகள் கை தூக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. இது முழுவதும் பெற்றோராகிய எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் போய் உட்கார்ந்தோம்.

6. விருந்தினர் மைக்கைப் பிடித்துப் பிள்ளைகளுக்குக் காலை வணக்கம் சொன்னார். டீச்சர் கைக்குட்டையை எடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கினார்கள். ஹில்டா மட்டும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ஆவாஸ் நை. மிஸ், ஆவாஸ் நை" என்றாள். சத்தம் வரவில்லை என்று டீச்சருக்கு உதவியாகத்தான் சொன்னாள். தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. ஹால் முழுவதும் கேட்டது.

7. தலைமையாசிரியர் திரு. ராமசுவாமி என்னைப் பார்த்தார். ஹில்டாவை எந்தப் பள்ளியும் சேர்க்காதபோது சேர்த்துக்கொண்டவர் அவர்தான். அவர் முகம் வெளுத்திருந்தது. "பிள்ளையின் தாயார் இங்கேதான் இருக்கிறார்" என்றார். நான் எழுந்து மேடைக்குப் போனேன். என் கணவரின் பதவி உயர்வு முடிவாக வேண்டிய மாதம் அது. குவார்ட்டர்ஸும் அதைப் பொறுத்தது. இதையெல்லாம் அந்தச் சில அடிகளுக்குள் நினைத்தேன். ஹெட்போனை எடுத்து என் கையாலேயே மகளின் தலையில் மாட்டினேன். "நன்றாகக் கேட்கிறது சார், பெரியவர்களைப் பார்த்து வெட்கப்படுகிறாள்" என்று இந்தியில் விருந்தினரிடம் சொன்னேன்.

8. ஐயா, என் மகள் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிப்பவள். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் என் வாயிலிருந்தே அவள் படித்தாள். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

9. திரும்பி வரும்போது, இன்னொரு பிள்ளையின் தாயாரான ஜுலைகா என்னோடு நடந்தார். "கைக்கு அழறே யூனிஸ்? உன் இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். ஆனால் அவருடைய மகனும் அந்த மேடையில்தான் கை தூக்கி உட்கார்ந்திருந்தான் என்பதை நினைத்தபோது என்னால் தலைநிமிர முடியவில்லை.

10. மறுநாள் பள்ளிக்குப் போன ஹில்டாவைப் பாதியிலேயே திருப்பி அனுப்பினார்கள். சபையில் அடங்காத பிள்ளை, கொஞ்ச நாள் வீட்டிலிருக்கட்டும் என்றார்கள். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. போய்க் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அவள் அடங்காதவள் அல்ல என்பதற்கு முதல் சாட்சி நானே. ஆனால் நான்தான் முன்பே வேறு சாட்சி சொல்லிவிட்டேனே.

11. அன்று முதல் ஹில்டா என் முகத்தைப் பார்ப்பதில்லை. காது கேட்கும் பிள்ளை கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினால், முதுகுப்பக்கம் நின்றாவது பேசிச் சமாதானம் செய்யலாம். இவள் திருப்பிக்கொண்டால் எங்களுக்குள் பேச்சே இல்லை. சமையலறையில் அவள் முன்னால் மண்டியிட்டு, தோளைப் பிடித்துத் திருப்பி, அம்மா பொய் சொன்னேன், மன்னித்துக்கொள் என்று சொல்லப் பார்த்தேன். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அவள் அப்பா பிறகு அவளை வெளியே அழைத்துப்போய்க் கேட்டிருக்கிறார். அதற்கு அவள், "எனக்கு நக்கோ. அம்மா சாப்கிட்ட போய் சொல்லட்டும்" என்றிருக்கிறாள். என் மன்னிப்பு தனக்கு வேண்டாம், அந்த டில்லி அதிகாரியிடம் போய்ச் சொல்லட்டும் என்கிறாள். அவள் சொல்வது நியாயம். யாரிடம் பொய் சொன்னேனோ அவரிடம்தான் உண்மையையும் சொல்ல வேண்டும். டில்லிக்கு எழுத எனக்கு வழி தெரியாது. ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

12. என் கணவர் முதலில் வேண்டாம் என்றார். வேலைக்கு இடைஞ்சல் வரும் என்று பயந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மேடையில் எனக்கிருந்த பயமும் அதுதான். நேற்று ஷிஃப்ட் முடிந்து வந்ததும், தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

ஆகவே கருவியை விரைவில் பழுதுபார்க்கவும், அதை வகுப்பறையை விட்டு வேறெதற்கும் எடுக்கக் கூடாதென ஆணையிடவும், கல்பகம் டீச்சரை அவருடைய வகுப்புக்கே திரும்ப அனுப்பவும், என் மகளைப் பள்ளியில் மறுபடி சேர்க்கச் சொல்லவும் பணிவோடு வேண்டுகிறேன். தலைமையாசிரியர் மீது நடவடிக்கை கோரவில்லை. அவர் செய்ததைவிட நான் செய்தது குறைவானதல்ல. விருந்தினர் அன்று கண்டது உண்மையல்ல என்று அவருக்குத் தங்கள் அலுவலகம் தெரிவிக்க வேண்டும். அதில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். இது அலுவலக விதியில் இருக்கிறதா என்று தெரியவில்லை. பள்ளிக் காலைக் கூட்டத்தில், அதே மேடையில், அன்று நான் சொன்னது பொய், என் மகள் சொன்னதே மெய் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன் நான் சொல்வதற்கு அனுமதி தர வேண்டும். மைக் தேவையில்லை. ஹில்டாவை முன்வரிசையில், என் வாய் தெரியும்படி உட்காரவைத்தால் போதும். அவள் பார்ப்பாளா என்பது எனக்குத் தெரியாது. நான் சொல்லியாக வேண்டும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

யூனிஸ் ஜெயகரன்
த. ஜெயகரன்

இடம்: மௌலா அலி
நாள்: 11.12.1981