பந்திக்கு வந்த கஞ்சி

அண்ணை,

இன்று காலை தோட்டவெளியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததுமே அந்த மணம் மூக்கில் ஏறியது. அரிசியும் பருப்பும் கரட்டும் குழைய அவித்து, பாரை மீன் துண்டு போட்டு, அரைத்து, மெல்லிய துணியில் வடித்த கஞ்சி. வயிற்றில் குழாய் பொருத்திய ஒரு மனிதருக்காக அவருடைய மனைவி அதை ஆற்றிக்கொண்டிருந்தார். குழாயைச் சுற்றித் தோலில் புண் இருக்கிறதா என்று பார்த்தேன். கரண்டியால் தூக்கிக் கஞ்சியின் பதம் பார்த்தேன். கை தன் வேலையைச் செய்தது. மனம் மட்டும் ஓலைத்தொடுவாய்க்கு, உங்கள் வீட்டுக்குப் போய்விட்டது.

வாயால் சாப்பிட முடியாதவர்களுக்குக் குழாய் வழியே சாப்பாடு போகிறதா, அது உடம்பில் பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் இத்தனை வருடமும் என் தாதித் தொழில். இந்தத் தீவில் என் ஸ்கூட்டர் போகாத ஒழுங்கை இல்லை. ஆனால் உங்களைப் போல என்னோடு சண்டை பிடித்த நோயாளி வேறு யாரும் இல்லை. கரைவலைக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி அல்லவா? ஒரு சத்தத்தில் கரையில் நிற்கிற அத்தனை பேரையும் வலை இழுக்க வைத்தவர், ஒரு தாதி மிஸ்ஸியின் சொல்லைக் கேட்பதா என்ற எண்ணம்.

கதிர்ச் சிகிச்சை உங்கள் தொண்டையிலிருந்த புற்றை அடக்கியது. அதோடு விழுங்குகிற சக்தியையும் கொண்டுபோனது. வாயில் எதைப் போட்டாலும் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, உங்கள் மனைவி, அதுதான் அக்கா, கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து ஒரு மிடறு பிளேன்டி தேத்தண்ணி குடித்தீர்கள். அன்றே காய்ச்சல் பிடித்தது. வார்ட்டில் ஒட்சிசன் முகமூடியோடு நீங்கள் மூச்சுக்குத் திணறினீர்கள். பக்கத்தில் நின்ற உங்கள் மகள் என் கையை விடவே இல்லை. இன்னொரு தரம் இப்படி வந்தால் இந்த நெஞ்சு தாங்காது என்று டொக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

பேச்சு வந்ததும் நீங்கள் சொன்னது என்ன? "ஒரு மிடறுதானே மிஸ்ஸி." எனக்கு வந்த கோபத்துக்கு உங்களை அப்படியே கட்டிலோடு தூக்கிக் கடலில் போட்டிருப்பேன்.

அந்த நிலையில்தான் மகளுக்குக் கீரி என்கிற ஊரில் கலியாணம் பொருந்தியது. தொண்டையில் ஒரு ஒப்பரேஷன், அதனால் குரல் கம்மிவிட்டது என்று மட்டும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னீர்கள். குழாயைப் பற்றி மூச்சும் விடவில்லை. கஞ்சி ஏற்றும் நேரம் வந்தால் அறைக் கதவைச் சாத்தச் சொல்வீர்கள். பெற்ற மகள்கூட அதைப் பார்க்கக் கூடாது. கஞ்சியை நீங்கள் ஒருநாளும் சாப்பாடு என்று சொன்னதில்லை. "உங்கடை தண்ணி" என்பீர்கள், ஏதோ நான் என் வீட்டுக் கிணற்றில் அள்ளி வந்தது மாதிரி.

"சம்மாட்டி குழாயாலை கஞ்சி குடிக்கிறான் எண்டு கீரி முழுக்கக் கதைப்பாங்கள்" என்றீர்கள். பிறகு மெதுவாக, "கலியாணத்தண்டைக்கு மட்டும் ஒரு கவளம் மிஸ்ஸி. பந்தியிலை கை நனைக்காத தகப்பன் என்ன தகப்பன்?"

"கையை நல்லா நனையுங்கோ. வாயை நனைக்காதேங்கோ."

சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. நம் பக்கத்தில் முதல் பந்தியில் இரண்டு சம்பந்திமாரும் அருகருகே இருந்து கைவைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடத் தொடங்குவார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால் அக்காவும் நானும் ஒரு வழி யோசித்தோம். பந்தி தொடங்குமுன் களைப்பென்று சொல்லி நீங்கள் எழும்பிவிட வேண்டும். மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அறையில் கஞ்சியை ஏற்றிவிடலாம். பிளாஸ்கும் சிரிஞ்சும் என் பையில் இருந்தன.

கலியாணத்தன்று கோயிலில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தோம். நீங்கள் எழும்பவும் மாப்பிள்ளையின் தகப்பன் வந்து உங்கள் கையைப் பிடிக்கவும் சரியாக இருந்தது.

"எங்கை போறீங்கள் சம்பந்தி? நீங்கள் இல்லாமல் என்ன பந்தி? வாங்கோ."

இழுத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருத்திவிட்டார். நான் ஓடிவந்து உங்கள் முதுகுப் பக்கம் நின்றேன். சோறு வந்தது, ஆட்டிறைச்சிக் கறி வந்தது. அந்த மனிதர் பொரித்த மீனில் முள்ளை நீக்கி, சதையை உங்கள் பீங்கானில் வைத்தார். "நீங்கள் கைவைச்சால்தான் நானும் வைப்பன்" என்றார். கள்ளமில்லாத அன்பு. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நீங்கள் சோற்றைப் பிசைந்தீர்கள். பாவனை காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு அதை உருட்டினீர்கள். கத்தினால் இத்தனை நாள் மறைத்தது எல்லோர் முன்னாலும் உடையும். கத்தாவிட்டால் கலியாண வீடு செத்த வீடாகும். உங்கள் கை பீங்கானை விட்டு உயர்ந்தது. தோளைப் பிடித்து அழுத்தினேன். "அண்ணை" என்றேன்.

எதிர்ப்பக்கத்தில் மகள் எழுந்து நின்றாள். வார்ட்டில் பார்த்த அதே முகம். நீங்களும் அவளைப் பார்த்தீர்கள்.

கவளத்தைத் திரும்பப் பீங்கானில் வைத்தீர்கள். இடது கையால் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினீர்கள். வயிற்றில் சுருட்டி ஒட்டியிருந்த குழாய் வெளியே வந்தது.

"மிஸ்ஸி, என்ரை சாப்பாட்டை எடுங்கோ."

"ஐயோ மாதாவே" என்று யாரோ சொன்னது கேட்டது. நான் சிரிஞ்சைக் குழாயில் மாட்டி உயர்த்திப் பிடித்து, முதலில் கொஞ்சம் தண்ணீரும் பிறகு கஞ்சியும் விட்டேன். எத்தனையோ ஆயிரம் தரம் செய்த வேலை. அன்று மண்டபம் முழுக்கப் பார்த்திருக்கச் செய்தேன்.

"சம்பந்தி, எனக்கு வந்தது புற்றுநோய். வாயாலை ஒண்டும் ஏலாது. உங்களிட்டைச் சொல்லாமல் விட்டது பிழைதான்" என்றீர்கள். "நான் சாப்பிடத் துவங்கிட்டன். நீங்களும் சாப்பிடுங்கோ."

அவர் குழாயைப் பார்த்தார். தன் மகனைப் பார்த்தார். பிறகு கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன், அண்ணை.

"இது என்ன கஞ்சி, பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்.

"பாரை மீன் கஞ்சி, ஐயா."

"இஞ்சை தாங்கோ. சம்பந்திக்கு நான்தானே பரிமாற வேணும்."

பிளாஸ்கை வாங்கினார். நான் சிரிஞ்சைப் பிடித்திருக்க, அவர் ஊற்றினார். மெள்ள, மெள்ள என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பால் குடிக்கிற பிள்ளையைப் போல நீங்கள் அசையாமல் இருந்தீர்கள். அதோடு விட்டீர்களா? கஞ்சி இறங்கி முடிந்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டு, "உப்புக் காணாது" என்றீர்கள். ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு உங்கள் சம்பந்திதான் முதலில் வெடித்துச் சிரித்தார். சிரித்தபடியே உட்கார்ந்து சோற்றில் கைவைத்தார். பந்தி தொடங்கியது.

அதற்குப் பிறகு உங்கள் அறைக் கதவு சாத்தியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளும் மருமகனும் வந்தால் மேசையில் உங்களுக்கும் ஒரு இடம் இருந்தது. மருமகன் கஞ்சி விடப் பழகினார். மாரி தொடங்கியபோது நோய் திரும்ப வந்தது. இந்த முறை அது நிற்கவில்லை. உங்களைப் பெட்டியில் வைக்குமுன் குழாயை நான்தான் எடுத்தேன். அழவில்லை என்று சொன்னால் பொய்.

எந்த வீட்டுக்குப் போனாலும், குழாயையும் உடம்பின் நிறையையும் பார்த்து முடித்த பிறகு நான் ஒன்று கேட்கிறேன், அண்ணை. வீட்டில் எல்லோரும் எங்கே இருந்து சாப்பிடுவீர்கள் என்று. காட்டுவார்கள். இவருக்கும் அங்கை ஒரு கதிரை போடுங்கோ என்பேன். பலர் முகத்தைத் திருப்புவார்கள். நான் எழும்ப மாட்டேன், இருந்து மல்லுக்கட்டுவேன். போன மாதம் ஒரு பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எல்லாரும் பாப்பினம் மிஸ்ஸி."

"பாக்கட்டும்" என்றேன். "நீங்கள் சாப்பிடுறதைத்தானே பாக்கப்போயினம்."