கட்டிலுக்கு அடியில் நாலு டயர்

22.11.82, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பைக்கில் கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் பனியன் வரை ஈரம். கடையில் ஆறு லோரி டயர், ரெண்டு பஞ்சர். தவுக்கே, அதான் எங்கள் முதலாளி, ஈப்போ போயிருக்கிறார். நிம்மதி.

பதினோரு மணிக்கு போன். தங்கச்சி வசந்தா புருஷன் சேகர். (இனி சே. முழுப் பேர் எழுதக் கை வரவில்லை.)

"மச்சான், காருக்கு டயர் மாத்தணும் லா. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

எந்தக் கார் என்று கேட்டேன், வேண்டுமென்றே.

"நம்ம கார்தான் மச்சான்!"

நம்ம காராம். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தபோது, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார இஞ்சினியர் சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார். பச்சை. ரெண்டே சீட், துணிக் கூரை, கம்பிச் சக்கரம். பதினைந்து வருடம் ஞாயிறு தவறாமல் கழுவினது யார்? பழைய பனியனைக் கிழித்து ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தது யார்? அப்பாவுக்குக் கண் மங்கினதும் கார் எனக்குத்தான், மகன் ராஜனுக்குத்தான் என்று பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பேச்சு.

போன வருடம் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள், வாட்ச் கட்டுவார்கள். அப்பா தாம்பாளத்தில் வேட்டி, வெற்றிலை, அதற்கு மேலே கார் சாவி வைத்து சே.க்குக் கொடுத்தார். அந்தத் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்றவன் நான்.

ஆத்திரம்தான். எழுதினால் தணியும் என்று பார்த்தேன். தணியவில்லை.

23, செவ்வாய்

வாங்க: பிளேடு, அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து, டால்கம் பவுடர் (பெரிய டின்).

பவுடர் எனக்கில்லை. கட்டிலுக்கு அடியில் நாலு டயர் இருக்கிறதே, அதற்கு. இதை இதுவரை எழுதினதில்லை.

அந்தக் கார் டயரின் அளவு, பதினைந்து அங்குலம், மெலிசு, இப்போது யாரும் தருவிப்பதில்லை. ரெண்டு வருடம் முன்பு சாலாக் செலாத்தானில் ஒரு பழைய கடையை மூடினார்கள். பின்னறையில் நாலு ரேடியல், புது ரக டயர், அதே அளவு, சுற்றின காகிதம் பிரிக்காமல். வாங்கி, ஒவ்வொன்றாகப் பைக்கில் கட்டி, அப்பா தூங்கும் மத்தியானங்களில் உள்ளே கடத்தினேன். படுக்கப் போட்டால் கெடும் என்று மாதம் ஒரு தரம் புரட்டிப் பவுடர் போடுகிறேன். கார் எனக்கு வரும் அன்று மாட்டலாம் என்று ஆசை.

அப்போது அப்பாவே ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த டயரைக் கண்டால், 'நான் எப்போது விழுவேன் என்று ரெண்டு வருடமாகக் காத்திருந்தாயா' என்று கேட்பார். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

திறந்தாலும் சே.க்கா கொடுப்பேன்? போடா.

24, புதன்

அரை நாள் லீவு. சே.யுடன் டயர் வேட்டை. இடது சீட்டில் நான். கியர் மாற்றும்போதெல்லாம் நறநற. என்னமோ என் பல்லையே உடைக்கிற மாதிரி. ரேடியோ வேறு புதுசாக வைத்திருக்கிறான், ஓட்டை போட்டு. ஓட்டை போட்டு!

பங்சார் கடை: தடித் தடியாக, வெள்ளை எழுத்துப் போட்டது. சே.க்கு ஒரே குஷி. மட்கார்டில் உரசும் என்றேன். முகம் தொங்கிப்போச்சு. அதில் எனக்கு ஒரு சந்தோஷம், மறைப்பானேன்.

செலாயாங்: சேலுப்தான் இருக்கிறது, பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டினது. கடைக்காரர், "பாஸ், இந்த சைஸ் மியூசியத்துலதான் கேக்கணும் லா!"

கடைசியில் எங்கள் கடை. கிட்டத்தட்ட அந்த அளவில் ரேடியல் ரெண்டே ரெண்டு.

சே. யோசித்தான். "முன்னால இந்த ரெண்டயும் போட்டுடுவோம். பின்னால பழசே இருக்கட்டும். கோடு ஆழமாத்தான இருக்கு? ஓக்கேயா மச்சான்?"

பின்னால் இருப்பது ரேடியல் இல்லை, பழைய ரகம், கிராஸ் பிளை. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ் பிளை போடவே கூடாது. ஈர ரோட்டில் முன்சக்கரம் கப்பென்று பிடிக்கும், பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும். கவுண்டரில் பதினொரு வருடமாக எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயம்.

"ஓக்கே," என்றேன்.

சனிக்கிழமை மாட்டுவதாகப் பேச்சு.

25, வியாழன்

சாயங்காலம் வசந்தா இடியப்பம் கொண்டுவந்தாள். "அண்ணே, அவரு ஒரே உங்க புராணம். மச்சான் இல்லாட்டி நான் ஏமாந்திருப்பேங்கறாரு." தலையைக் குனிந்து சாப்பிட்டேன். சொதியில் உப்பு தூக்கல்.

ஞாயிறு கிள்ளானில் பெரியப்பா பேத்தி கல்யாணம். அப்பா நாலு நாள் முன்பே சட்டை தேய்த்து மாட்டியிருக்கிறார்.

"மாப்ள என்னைய கார்ல கூட்டிட்டுப் போறேன்னாரு. கூரையத் தொறந்து வுட்டுத்தான் போகணும்னு சொல்லிட்டேன். நீ பின்னாடியே பைக்ல வந்துரு."

இடது சீட்டில் அப்பா.

26, வெள்ளி

மழை. மழை. மழை. தலைவலி மாத்திரை ரெண்டு.

நான் என்ன கெட்டது நினைத்தேன்? கார் கொஞ்சம் வழுக்கட்டும், ஒரு கீறல் விழட்டும், சே. நாலு பேர் முன்னால் அசடு வழியட்டும். அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான். ஆனால் ஃபெடரல் ஹைவேயில் லோரிக்கு முன்னால் கார் சுற்றினால் கீறலோடு நிற்குமா? டயர் கடைக்காரன் எனக்கா தெரியாது?

அப்பா குளிக்கப் போன நேரம் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். நாலையும் இழுத்து வெளியே போட்டேன். திரும்ப உள்ளே தள்ளினேன். திரும்ப இழுத்தேன். வெட்கங்கெட்டவன்.

27, சனி

அப்பா முடி வெட்டப் போனதும் கடை வேனில் நாலையும் ஏற்றிக்கொண்டு போனேன். சே. கடை வாசலில் காத்திருந்தான். டயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மச்சான்! எங்கருந்து?"

சொல்லிவிட்டேன். கட்டில், பவுடர், எல்லாம். புதன்கிழமை ஓக்கே சொன்னது தப்பு, தெரிந்தே சொன்னேன் என்றும் சொன்னேன். அவன் குனிந்து டயரில் ஒட்டியிருந்த பவுடரை விரலால் துடைத்தான். திட்டியிருந்தால் தேவலை.

"அப்பாக்குத் தெரியக்கூடாது மாப்ள. இவன் காத்துக்கிட்டிருந்தான்னு நெனச்சுருவாரு. என் மேல சத்தியம் பண்ணுங்க."

கையில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

கம்பிச் சக்கரம் என்பதால் உள்ளே டியூப் போடணும். நானே போட்டேன், வேறு யாரையும் தொட விடவில்லை. முடிந்ததும் சாவியை நீட்டினான். "ஓட்டிப் பாருங்க மச்சான்." ரவுண்டபௌட் வரை போய்த் திரும்பினேன். தூறலில் வளைவு எடுத்தேன், அப்படியே ரோட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரியாமலே இருந்திருக்கலாம்.

28, ஞாயிறு

வெயில். புது டயர் என்பதால் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் நான்தான் வைத்தேன். சே. சூடம் காட்டினான். வசந்தா அவள் மாமியாரோடு பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டாள்.

அப்பா ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி முன்சக்கரத்துப் பக்கத்தில் குந்தினார். கண் சரியாகத் தெரியாது, விரலால்தான் பார்ப்பார். டயர் பக்கவாட்டில் எழுத்தைத் தடவினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. பின்சக்கரத்துக்கும் போய்த் தடவினார்.

"நாலும் ஒரே ஜாதி! இந்த டயர நான் எத்தன வருஷமா தேடுனேன் தெரியுமா? யாருப்பா புடிச்சது?"

சே. என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தான் மாமா. சாலாக் செலாத்தான்ல ஒரு பழைய கடையில."

அப்பா எழுந்து அவன் தோளில் கை வைத்தார். கண்ணில் தண்ணீர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா ராஜா? இதுக்குத்தான் இவருகிட்ட குடுத்தேன். டயர் கடையிலயே கெடக்குற, ஒரு நாளாச்சும் உனக்குத் தோணுச்சா?"

"இல்லப்பா," என்றேன்.

கூரையைத் திறந்துகொண்டு போனார்கள். சந்து திரும்பும் வரை அப்பா சிரிப்புச் சத்தம். நான் பைக்கை எடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை, வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

சத்தியம் வாங்கினது நான்தான். பண்ணினதை அவன் காப்பாற்றினான். இருந்தாலும் சொல்லியிருக்கலாம் அவன்.