செத்த பிறகும் கிளப்புக்கு வந்தவன்

கையை எத்தனை தடவை கழுவினாலும் போகவில்லை. இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனால் சட்னிக்கு முன்னால் கறுப்பு ஷூ பாலிஷ் வாசனைதான் வருகிறது. "என்னத்தே, ஷூவுக்கா பாலிஷ் போட்டிய?" என்று மருமகள் கேட்டாள். "ஷூவுக்கு இல்லட்டி, தொப்பிக்கு" என்றேன். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுப் போனாள். உனக்கு மட்டும்தான் நிஜமாகப் புரியும். அதனால்தான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நேற்று நம் மில்லில் ஆயுத பூஜை. நீ இல்லாத முதல் ஆயுத பூஜை.

நேற்று நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் பழசைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் தெரிந்த கதையை மறுபடி மறுபடி கேட்க உன்னைப்போல் ஆசைப்பட்டவள் ராஜபாளையத்திலேயே கிடையாது. ஆகவே கேள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்டாளைக் கும்பிட்டு வருகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினோம். மில்லில் வைண்டிங் பிரிவில் ஒன்றாக நூல் சுற்றிக்கொண்டிருந்த நீ, நான், ரெஜினா மூன்று பேரும். கும்பிட்டோம், பொய்யில்லை. கும்பிட்ட கையோடு மேட்னிக்கும் போனோம். தமிழ்ப் படத்துக்கென்று போய் உட்கார்ந்தால் திரையில் ஒரு வெள்ளைக்காரன் தொப்பியோடு நிற்கிறான். வரவேண்டிய படப்பெட்டி வந்து சேரவில்லையாம். கைவசம் கிடந்த பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படத்தைப் போட்டுவிட்டார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரே முணுமுணுப்பு. பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அப்போது நீ குரல் கொடுத்தாய்.

"எல்லாரும் உக்காருங்க. நான் கதை சொல்லுதேன்."

உனக்குத் தெரிந்த இங்கிலீஷ், மெஷினில் எழுதியிருக்கிற ஸ்டார்ட், ஸ்டாப், டேஞ்சர், அம்புட்டுத்தான். ஆனாலும் சொன்னாய் பாரு கதை! "அந்தா தொப்பிக்காரன் இருக்கான்ல, அவன்தான் ஊரையே மெரட்டுத ரவுடி. இந்தக் கிளப்பு அவனோடது. பாட்டுக்காரி மேல அவனுக்கு உசுரு. அவளுக்கு அந்தப் பியானோ வாசிக்கவன் மேல உசுரு." பின்னாலிருந்து ஒரு அம்மா, "கிளப்புங்க, ஒருத்தரும் சாப்பிடக் காணோமே?" என்று கேட்டார். நம் பக்கத்தில் அப்போது கிளப்பு என்றால் சாப்பாட்டுக் கடைதானே. நீ கொஞ்சமும் அசரவில்லை. "பாட்டு முடியட்டும்த்தே, எல போடுவாக."

கடைசியில் மழையில் ஒரு விளக்குக் கம்பத்தடியில் அந்த ரவுடியை எதிராளிகள் சுட்டுப் போட்டார்கள். தொப்பி தனியாக உருண்டு சாக்கடையோரம் போய் நின்றது. நீ மூக்கைச் சிந்திக்கொண்டே கதை சொன்னாய், மற்றவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டார்கள். என்னமோ இங்கிலீஷில் எழுத்து வந்தது. கிளம்பலாம் என்று எழுந்து சேலையை உதறினால், படம் நிற்கவில்லை. அதே ரவுடி, அதே தொப்பி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் கிளப்புக்குள் நடந்து வருகிறான்! கொட்டகையில் அடித்தார்களே விசில்! அவன் நேரே போய்ப் பாட்டுக்காரியின் கையைப் பிடித்துப் பியானோக்காரன் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

ஆபரேட்டர் ரீலை முன்னுக்குப் பின்னாக மாற்றி ஓட்டிவிட்டார். அது அன்றைக்கு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, விசிலடித்த ஒருத்தருக்கும் தெரியாது. பல வருஷம் கழித்து அந்த ஆபரேட்டரே சொல்லித்தான் தெரிந்தது. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நீ சொன்னாய், "செத்தவன் எந்திரிச்சு வந்து, செய்ய வேண்டியதச் செஞ்சுட்டுப் போறான் பாக்கியம். இதுல்லா படம்!"

அந்த வருஷம்தான் நீ மேஸ்திரியிடம் போய் நின்றாய். ஆயுத பூஜைக்கு ஆண்கள் நாடகம் போடுவதும் பெண்கள் கும்மியடிப்பதும்தான் மில் வழக்கம். "இந்த வருசம் நாடகம் எங்களோடது. ரவுடிக் கதை. எல்லா வேசமும் பொம்பளையதான்" என்றாய். மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"பொம்பள ரவுடியப் பாத்து எவன் பயப்படுவான்? சரி, போடுங்க. ஆனா பாதியில கூட்டம் கலைஞ்சுதுன்னா, பொறவு எந்த வருசமும் பொம்பளைய நாடகம்னு வாயத் தொறக்கப்படாது. காலத்துக்கும் கும்மிதான்."

எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் நீ சரி என்றுவிட்டாய். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் உன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம்போல இருக்கிறது.

அதோடு உனக்குக் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. மகாராஜபுரத்தில் தோப்பும் வயலும் உள்ள வீடு, மாப்பிள்ளை பட்டாளத்தில். மகள் மீசை ஒட்டிக்கொண்டு மேடையேறினால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று உன் அம்மா அழுதார்கள். நீ சட்டி கழுவிக்கொண்டே பதில் சொன்னாய். "வேற மாப்பிள்ளை கெடைக்கும்மா. வேற ஸ்டேஜ் கெடைக்குமா?" நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

தொப்பிக்கு எங்கே போவது? உன் சித்தி வீட்டுத் தறியில் நெய்த பேண்டேஜ் துணியைக் கஞ்சியில் முக்கி, கவிழ்த்த சட்டி மேல் அடுக்கடுக்காக ஒட்டி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தோம். போலீஸில் இருந்த உன் அண்ணன் பூட்ஸுக்கு வைத்திருந்த பாலிஷ் டப்பா முழுவதையும் அதன் தலையில் தேய்த்தாய். கிளப்புப் பாட்டுக்காரி நான். எனக்கு உடுப்பு, ரெஜினா தங்கள் சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்திலிருந்து வாங்கிவந்த தேவதூதன் அங்கி, இறக்கையைக் கழற்றிவிட்டு. பியானோக்காரன் ரெஜினா. பியானோவுக்குப் பதில் ஆர்மோனியம்.

பூஜை முடிந்து மெஷின்களெல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சத்தமில்லாமல் நின்றன. பஞ்சுப் பொதிகளை அடுக்கிப் போட்ட மேடையில் படுதா மறைவில் நாம் நின்றோம். பொரி கொறித்தபடி மில்லே திரண்டு உட்கார்ந்திருந்தது. நீ படுதா ஓட்டையில் கண்ணை வைத்தாய். அப்படியே நின்றுவிட்டாய்.

"பாக்கியம், மகாராசபுரத்து அத்த வந்திருக்காக. மொத வரிசையில."

உனக்கு மாமியாராக வரப்போகிறவர்கள். திரும்பிப் போய்விடுவாயோ என்று நினைத்தேன். நீ மீசையை எடுத்துப் பசை தடவி ஒட்டிக்கொண்டாய்.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. நான் பாடினேன், ரெஜினா ஆர்மோனியத்தைப் பிழிந்தாள், நீ தொப்பியைச் சரித்துக்கொண்டு நடந்த நடைக்கு ஸ்பின்னிங் ஆட்களே கைதட்டினார்கள். சுடுகிற கட்டம் வந்தது. எதிராளி துப்பாக்கியை நீட்டியதும் படுதாவுக்குப் பின்னால் நம் வைண்டிங் செல்வி பொட்டு வெடியைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். அடித்தாள். மழைக்கென்று தரையில் தெளித்த தண்ணீரில் வெடி நமுத்துப் போயிருந்தது. டப் என்றுகூடச் சத்தம் வரவில்லை. நீ அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாய்.

"வெடி இல்லாமலே செத்துட்டாளே!" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், கூட்டம் முழுக்கக் கெக்கலி. விசில், ஊளை. பின்வரிசையில் எழுந்து வேட்டியை உதற ஆரம்பித்துவிட்டார்கள். மேஸ்திரி படுதாவை இழுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். தேவதூதன் அங்கியில் நின்றுகொண்டு நான் அழுதேன். போச்சு, எல்லாம் போச்சு, காலத்துக்கும் கும்மிதான்.

நீ எழுந்தாய். எழ வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை. ஒரு பாட்டு பாக்கி இருந்தது. நீ எழுந்து, உருண்டு கிடந்த தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் வைத்து, மேடை விளிம்புக்கு வந்து, இடுப்பில் கைவைத்து நின்றாய். நீ ஆண் வேஷத்தில் இருக்கிறாய் என்பதே உனக்கு மறந்துவிட்டது.

"ஒரு குண்டுக்கு விழுந்து கெடந்தா ராசபாளையத்துக்காரின்னு சொல்லிக்கிட முடியுமா?"

ஊளை அப்படியே நின்றது. வேட்டியை உதறியவர்கள் அப்படியே நின்றார்கள். முதல் வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல்.

"அப்படிச் சொல்லுட்டி என் மருமவளே!"

மில் கூரை எகிறிவிடும் போலிருந்தது. அந்த இரைச்சலுக்குள் நீ நடந்து வந்து என் கையைப் பிடித்து ரெஜினா கையில் வைத்தாய். உன் கண்ணில் நிஜத் தண்ணீர், எனக்கும்தான். கூட்டம் 'ஒன்ஸ் மோர்' கேட்டு விடவில்லை. நீ மறுபடி விழுந்தாய், மறுபடி எழுந்தாய். இரண்டாவது தடவை செல்வியின் வெடியும் வெடித்துத் தொலைத்தது.

அத்தை பஞ்சுப் பொதியைப் பிடித்து மேடைக்குப் பின்னால் ஏறி வந்தார்கள். நீ தொப்பியைக் கழற்றிப் பவ்வியமாக நின்றாய். அவர்கள் உன் முகத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் பார்த்தார்கள். "மீசை கோணலா இருக்கு தாயி" என்று கட்டைவிரலால் அழுத்தி நேராக்கினார்கள். "அடுத்த வருசமும் நானே கூட்டியாரேன்." சொன்னபடி செய்தார்கள். கல்யாணமாகி மில்லை விட்டபிறகும், அத்தை காலமான பிறகும், முட்டி தேய்ந்த பிறகும், போன வருஷம் வரைக்கும் நீதான் ரவுடி. பெண்கள் நாடகம் ஒரு வருஷமும் நிற்கவில்லை. மேஸ்திரி பேத்திகூட ஒருமுறை எதிராளியாக நடித்தாள்.

இந்தக் கோடையில் மதுரை ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது என் கையைச் சுரண்டினாய். "மொகத்தத் தூக்கி வச்சுக்கிடாதட்டி. ரீல மாத்திப் போட்டா எந்திரிச்சு வந்திருவேன்." அதை வேடிக்கையாகத்தான் சொன்னாய். ஆனால் உன்னைக் கொண்டுபோன பிறகும் நான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வரவில்லை. துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. இருக்கட்டும், அதையும் சொல்லிவிட்டேன்.

இந்த வருஷம் தொப்பி யாருக்கு என்று பேச்சு வந்தபோது வைண்டிங் பிள்ளைகள் ஜமுனாவைக் காட்டினார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை, ஒல்லி, ஆனால் உன் நடை இருக்கிறது. அவள்தான் எப்படியோ தேடி அந்தப் படத்தைப் போனில் பிடித்துவிட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் காட்டினாள். ரவுடி முதலில் கைகளைச் சேர்த்து வைக்கிறான். பிறகுதான் மழையில் சாகிறான். அதோடு படம் முடிந்துவிடுகிறது.

"பெரியம்மா, ஒரிஜினல்ல அவன் எந்திரிக்கல" என்றாள். ஆபீஸில் புதிதாக வந்திருக்கிற தம்பியும், "இனிமே சரியா போட்டுரலாமே" என்றான்.

நீயும் எந்திரிக்கவில்லையே. அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. பிறகு நீ அந்த மேடை விளிம்பில் இடுப்பில் கைவைத்து நின்றது கண்ணுக்குள் வந்தது. சொல்லிவிட்டேன். "அது அமெரிக்கா தம்பி. அங்க சாகட்டும். எங்க மில்லுல எந்திரிப்பான்."

நேற்றுச் சாயங்காலம் ஜமுனா விழுந்தாள். தொப்பி உருண்டது. உன்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கூட்டத்தில் இருந்தார்கள். ரெஜினா என் முழங்கையை நெரித்துவிட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் இருமவில்லை. அந்தப் பிள்ளை எழுந்தது. தொப்பியைத் தட்டித் தலையில் வைத்தது. விளிம்புக்கு வந்து இடுப்பில் கைவைத்தது. மழலைத் தமிழில், எழுத்து எழுத்தாகச் சொன்னது.

"ஒரு குண்டுக்கு விழுந்து கெடந்தா ராசபாளையத்துக்காரின்னு சொல்லிக்கிட முடியுமா?"

ஆயிரம் மைல் தாண்டி வந்த பிள்ளை அது. ஒருத்தராவது 'நீ எந்த ஊரு' என்று கேட்டிருக்க வேண்டுமே? கேட்கவில்லையடி. நான் நாற்காலியைப் பிடித்து எழுந்து, முதல் ஆளாகக் கத்தினேன்.

"அப்படிச் சொல்லுட்டி என் மவளே!"

பிறகு மில் முழுக்க எழுந்து நின்று ஒன்ஸ் மோர் கேட்டது. நீ திரும்பத் திரும்ப எழுந்தாய்.

படுதாவுக்குப் பின்னால் போய் அவள் மீசையை நேராக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். தொப்பி என் பீரோவுக்கு மேல் இருக்கிறது. இத்தனை வருஷமாகத் துணி மேல் துணி ஒட்டி, எது நீ ஒட்டியது, எது நான் ஒட்டியது என்று தெரியவில்லை. ஓரம் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது. நாளைக்குக் கஞ்சி வைக்க வேண்டும்.