சோடிக் கோப்பை

பிப்ரவரி 13, கம்பம்

காதலர் தினத்துக்காகக் கோப்பைகளில் சோடிப் படம் அச்சிட்டுக் கொடுக்கிறோம். “யாரு எவருன்னு கேட்டா யாவாரம் ஓடாது, ஆத்தா,” என்பார் முதலாளி.

இன்று ஒருவன் தன் படத்தையும், மாடியில் தலை உலர்த்தும் ஒரு பெண்ணைப் பின்னாலிருந்து எடுத்த படத்தையும் தந்தான்.

“அவுகளுக்குத் தெரியாது. சுத்தியிருக்கிறத வெட்டிட்டு ரெண்டு பேரையும் சேத்துருங்க.”

கணினியில் பெரிதாக்கி வெட்டினேன். கைப்பிடிச் சுவர் போனது, நீலத் தண்ணீர்த் தொட்டி போனது. கடைசியாகக் கொடியில் ஒரு மஞ்சள் துண்டு. ஓரத்தில் நான் போட்ட பச்சைத் தையல்.

அதற்குள் அவன் தோளில் என்னைச் சாய்த்து வைத்திருந்தேன்.

காலையில் கோப்பையை வாங்க வருவான். துண்டு இன்னும் மாடியில்தான் காய்கிறது. எடுக்கப் போகவில்லை.