கப்பலேறிய ஊதுபத்திக் கிண்ணம்

மூத்தவனுக்கு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

பலத்த காற்றினால் இன்று மதியம்வரை, நீ டிக்கெட் எடுத்துத் தந்த சுற்றுலாக் கப்பலைக் கீலுங் துறைமுகத்திலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். ஜன்னலைச் சாத்தினேனா என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துவரக் கிளம்பினேன். உன் அம்மா விடவில்லை. நீயும் “கப்பல் கிளம்பிடுச்சாப்பா?” என்று ஓயாமல் கேட்டாய். எங்களைவிட உனக்கு என்ன அவசரம்?

சாப்பிடும்போதுகூட அவள் ஒரு பையை மடியைவிட்டு இறக்கவில்லை. அறைக்கு வந்ததும் பிடுங்கித் திறந்தேன். சிவப்புத் துணிக்குள் நம் முன்னோர்களுக்கு ஊதுபத்தி ஏற்றும் கிண்ணம். வீடு மாறினால் ஒழிய அது மாடத்தைவிட்டு இறங்காது என்று எனக்குத் தெரியாதா?

“மூத்தவன் வீட்டை இடிக்கப் போறானா?”

“கத்தாதீங்க. சுவரெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. திரும்பினதும் அவன்கூட இருந்துக்கலாம். அந்தச் சுவர் விழுந்துதான் நான் சாகணுமா?”

“முன்னோருங்க சம்மதிச்சாங்களா?”

“நீங்களே கேளுங்க!”

கிண்ணத்தின் முன் இரண்டு நாணயங்களைப் போட்டேன். ஒன்று தலையும் மற்றது பூவுமாக விழுந்தால் அவர்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம். மூன்று முறையும் அப்படியே விழுந்தது. உன் அம்மா இன்னும் சிரிக்கிறாள்.

கப்பல் ஆடுகிறது. ஆடுகிற தரையில் விழுந்த பதிலை நான் ஏற்கமாட்டேன். என் வீட்டுத் தரையில் போட்டுத்தான் கேட்பேன்.

நான் வரும்போது அந்தத் தரை இருக்க வேண்டும்.

அப்பா